வேலிக்கு வெளியே நின்ற வகுப்பு

அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியைக் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தால் பலரும் முதலில் தொகையைப் பார்ப்பார்கள். நான் அதில் ஒரு வரியைத் தேடுவேன். கட்டடம் எழும்பும் அந்த இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் எங்கே இருப்பார்கள், என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்ற வரி. பெரும்பாலும் அது இருக்காது. இருந்தாலும், ‘வகுப்புகள் தற்காலிக இடத்தில் நடைபெறும்’ என்பதோடு முடிந்துவிடும். 2025 மே மாதம், 1,000 அரசு ஐடிஐக்களை (தொழிற்பயிற்சி நிலையங்களை) மேம்படுத்தும் 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி என்று பங்கு பிரித்திருந்தார்கள். தொழில்துறை அந்தப் பணத்தை உண்மையிலேயே தருமா என்று நண்பர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாதத்தில் மனம் செல்லவில்லை. பணம் வந்துவிடும்; பணம் வந்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். வராமல் போவது வேறொன்று. அதை எனக்குக் காட்டியவர் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருந்த ஒரு பயிற்றுநர்.

2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிந்தைய மறுகட்டுமானக் காலம் அது. இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கிழக்கு கட்ச்சில் ஒரு சிற்றூரில் புதிதாகக் கட்டப்படும் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு லேத், மில்லிங், கிரைண்டிங் இயந்திரங்களும் வெல்டிங் டிரான்ஸ்பார்மர்களும் எங்கள் வழியாகப் போயின. அவற்றை நிறுவி ஓட்டிக் காட்டுவது என் வேலை. பழைய பள்ளியின் பட்டறைக் கூரை முழுவதும் 2001 ஜனவரி 26 காலை 8.46 மணிக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. குடியரசு நாள் என்பதால் எல்லோரும் கொடியேற்றத்துக்காக மைதானத்தில் நின்றிருந்தார்கள், அதனால் பிழைத்தார்கள். அதே காலையில், அதே குடியரசு நாளுக்காக, அஞ்சார் நகரின் குறுகலான தெருவில் அணிவகுத்துச் சென்ற பள்ளிப் பிள்ளைகள்மீது இருபக்கக் கட்டடங்களும் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் அங்கே இறந்தார்கள். மாநிலம் முழுவதும் அரசுக் கணக்கில் 13,805 பேர். ஹெய்தியில் 2010 ஜனவரி 12 அன்று பூமி குலுங்கியபோது மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பான நேரம், வேலை நாள். போர்ட்-ஓ-பிரின்ஸில் சலேசிய சபையினர் நடத்திய தொழிற்பள்ளி இடிந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள் மாண்டார்கள். விடுமுறையா, வேலை நாளா என்பதில் ஒரு பள்ளியின் பிழைப்பு தொங்குகிறது என்றால் கட்டடத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பயிற்றுநர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு கிராமங்களைத் தத்தெடுத்துக் கட்டித்தர முன்வந்த நிறுவனங்களோடும் தொண்டு அமைப்புகளோடும் குஜராத் அரசு செலவைப் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்றை வைத்திருந்தது. ஏறக்குறைய அதே வார்ப்பில்தான் இந்தப் பள்ளிக்கும் எழுதியிருந்தார்கள். நிலம் அரசுடையது. கட்டடச் செலவு பாதி அரசு, பாதி கட்ச்சில் ஆலை தொடங்கிய ஒரு நிறுவனம். இயந்திரங்களும் அந்த நிறுவனமே. சம்பளம் அரசு. அந்த நிறுவனம் கட்ச்சுக்கு வந்ததற்கும் நிலநடுக்கமே காரணம்: இடிந்துபோன மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கும் ஆலைகளுக்கு ஐந்து ஆண்டுக் கலால் வரி விலக்கு என்று 2001இல் மத்திய அரசு அறிவித்தது. ஆலைகள் வந்தன. ஆலைகளுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்கு அதில் குறையும் இல்லை. தன் தேவைக்காக வருகிறவர்தான் தங்குவார். இரக்கத்துக்காக வருகிறவர் திறப்புவிழா முடிந்ததும் கிளம்பிவிடுவார்.

ஆனால் அந்த ஒப்பந்தம் ஒரு கல்யாணச் செலவுப் பட்டியல் மாதிரி இருந்தது. பந்தல் யார், சாப்பாடு யார், பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. மறுநாளிலிருந்து அந்த இருவரும் எப்படிக் குடித்தனம் நடத்துவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் கண்ணில் பட்ட உதாரணம் மின் இணைப்பு. கட்டடம் என்ற தலைப்பில் விளக்கும் மின்விசிறியும் வந்தன. இயந்திரம் என்ற தலைப்பில் லேத் வந்தது. லேத்தை ஓட்டத் தேவையான மும்முனை மின் பளுவுக்கு விண்ணப்பித்து வைப்புத்தொகை கட்டுவது எந்தத் தலைப்பிலும் வரவில்லை. நான் போய் இறங்கியபோது இயந்திரங்கள் பாலித்தீன் சுற்றியபடி நின்றன. கட்ச்சின் காற்றில் உப்பும் புழுதியும் எப்போதும் உண்டு; கிரீஸ் பூச்சையும் மீறிப் படுகைகளில் பழுப்பு படர ஆரம்பித்திருந்தது. இது எங்கும் நடப்பதுதான். எழுத்தர் ஒருவர் அலைந்து திரிந்து கடைசியில் அதைத் தீர்த்துவைத்தார். நான் சொல்லவந்தது வேறு.

தகரக் கொட்டகையின் ஆணிப் பலகை

கட்டுமான இடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகர வேலி. அதற்கு வெளியே, மைதானத்தின் மறுமூலையில், தகரக் கொட்டகைகளில் வகுப்புகள். நடுப்பகலில் அதற்குள் உட்கார முடியாது. மாணவர்கள் வேப்பமர நிழலுக்கு நகர்ந்துவிடுவார்கள். பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கட்டடப் படவரைவு, இவற்றோடு பெயருக்கு ஒரு கொத்தனார் பிரிவு. கொத்தனார் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் இடம் காலியாகவே கிடக்கும் என்றார்கள். புதிய கட்டடத்தில் அந்தப் பிரிவே வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. சுற்றிலும் ஒரு மாவட்டமே இடிந்து கிடக்கிறது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டவும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பழுதுபார்க்கவும் வேண்டியிருந்த மாநிலம் அது. அந்த வேலைக்காகப் பல ஆயிரம் கொத்தனார்களுக்கு அரசும் தொண்டு அமைப்புகளும் குறுகிய முகாம்களில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில், அதே தொழிலைக் கற்றுத்தர என்றே இருந்த பள்ளி, ஆள் சேரவில்லை என்று அந்தப் பிரிவை மூடுகிறது. யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியவில்லை. ஆலைக்குத் தேவை பிட்டரும் வெல்டரும். ஒப்பந்தத்தில் ஆலைதான் கையெழுத்திட்டிருந்தது. கொத்தனாருக்காகக் காத்திருந்த கிராமங்கள் இடவில்லை.

படவரைவுப் பயிற்றுநரை எல்லோரும் ‘சாகேப்’ என்பார்கள். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்த மனிதர். அவருடைய கொட்டகையில் ஒரு மரப்பலகை தொங்கியது. அதில் ஆணியடித்து வளைந்த கம்பிகளை வரிசையாக மாட்டியிருந்தார். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் அவை. பழைய பட்டறையின் இடிபாட்டிலிருந்து பொறுக்கியவை. ஏறக்குறைய எல்லாமே முனை திறந்து, வாய் பிளந்து இருந்தன. ரிங்கின் இரு முனைகளையும் செங்கோணத்தில் மடித்து விட்டிருந்தார்கள். அப்படி மடித்தால் முனை, தூணின் மேலுறைக் கான்கிரீட்டுக்குள்தான் கிடக்கும். நிலம் ஆடும்போது முதலில் உதிர்வது அந்த உறை. உறை போனதும் முனையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ரிங் திறக்கும், நெடுக்குக் கம்பிகள் வெளிப்பக்கம் பிதுங்கும், தூண் உட்காரும். முனையை 135 பாகை வளைத்துத் தூணின் நடுப்பகுதிக்குள் செலுத்தினால் உறை உதிர்ந்தாலும் பிடி விடாது. 1993ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி இதைத்தான் கேட்டது: 135 பாகை, வளைவுக்குப் பின் கம்பியின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நீளம், அதுவும் 75 மில்லிமீட்டருக்குக் குறையாமல். தூணும் உத்தரமும் சேரும் இடத்தருகே ரிங்குகள் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. அப்போதைய நிலநடுக்க வரைபடத்தில் கட்ச் இருந்தது மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில். அங்கே இதில் சலுகைக்கு இடமில்லை.

செங்கோண மடிப்பை ஏன் எல்லோரும் விரும்புகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். 135 பாகை வளைத்த ரிங்கை நெடுக்குக் கம்பிகளுக்குள் நுழைப்பது சிரமம். விரல் நசுங்கும், நேரம் பிடிக்கும். கம்பி கட்டுகிறவர்களுக்குக் கூலி எடைக் கணக்கில். நேரம் பிடிக்கும் வேலைக்குக் கூடுதலாக யாரும் தருவதில்லை. “இதில் கெட்டவன் யாரும் இல்லை, பாய். கணக்கு அப்படி இருக்கிறது” என்றார். கட்டடம் எப்படி நின்றிருக்க வேண்டும் என்று விளக்குகிறவர்கள் நிறையப் பேர். அது ஏன் அப்படி நிற்காமல் போனது என்பதைக் கூலி முறையிலிருந்து தொடங்கி விளக்கியவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. கட்ச்சின் பன்னி புல்வெளியிலுள்ள வட்ட வடிவ மண் வீடுகள் பல அந்த ஆட்டத்தைத் தாங்கி நின்றதைப் பற்றியும் அவருக்கு ஒரு பாடம் இருந்தது. ஆனால் அதை வைத்துப் பழம்பெருமை பேசமாட்டார். “வட்டம் நல்ல வடிவம். ஆனால் வட்டத்துக்குள் லேத்தை எங்கே வைப்பாய்?” என்பார்.

அவருக்கு இருந்த ஒரே கோரிக்கை, மாணவர்களை வேலிக்கு உள்ளே விட வேண்டும் என்பது. ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைகூட வராத பாடம் முப்பது அடி தள்ளி நடக்கிறது. அஸ்திவாரம் தோண்டுவது முதல் தளம் ஊற்றுவது வரை அத்தனையும் முறைப்படி, விதிப்படி, பொறியாளர் மேற்பார்வையில். அவர் மாணவர்களோ தகரத்துக்கு இப்பால் உட்கார்ந்து, பழுப்பேறிய பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தூணின் குறுக்குவெட்டு வரைந்துகொண்டிருக்கிறார்கள். கட்டமைப்பு வரைபடத்தில் ஒரு தாளையாவது கடன் கொடுங்கள், பையன்கள் படியெடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறார். அது ஒப்பந்த ஆவணம், வெளியாருக்குத் தர முடியாது என்று பதில் வந்திருக்கிறது. தன் சொந்தப் பள்ளியின் வரைபடத்துக்கு அவர் வெளியார்.

மேசைமேல் இரண்டு ரிங்குகள்

முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் கூட்டம் ஒன்று நடந்தது. மின் பளு விவகாரத்துக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாவட்ட அதிகாரி ஒருவர், நிறுவனத்தின் துணைத் தலைவர், ஒப்பந்ததாரர், ஆலோசகப் பொறியாளர், பள்ளி முதல்வர். பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி திறப்புவிழாத் தேதியும் கல்வெட்டும். நிறுவனத்தின் சின்னம் மாநில அரசின் சின்னத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டுமா, அதே அளவா என்று வெகுநேரம் போனது. (கடைசியில் அதே அளவு, ஆனால் கொஞ்சம் கீழே.) சாகேப் அழைக்கப்பட்டவர் இல்லை. முதல்வருக்காக வரைபடச் சுருள்களைத் தூக்கிவந்தவர், வைத்துவிட்டுப் போகாமல் நின்றுவிட்டார். தேநீர் வந்த இடைவெளியில் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரிங்குகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது பழைய பட்டறைத் தூணில் இருந்தது. இது நேற்று வேலிக்கு உள்ளே, கட்டத் தயாராக வைத்திருந்த குவியலில் இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மாணவர்களைக் கேட்டேன். ஒருவன்கூடச் சொல்லவில்லை, சார். வித்தியாசம் இல்லை.”

இரண்டுமே செங்கோண மடிப்பு. ஒன்று துருப்பிடித்துப் பிளந்திருந்தது; மற்றொன்று புதிது. அவ்வளவே.

ஆலோசகப் பொறியாளரின் முகம் மாறியது. வரைபடத்தில் 135 பாகை என்று தெளிவாக இருக்கிறது என்றார், உண்மைதான், இருந்தது. ஒப்பந்ததாரர், கம்பிக் குழு சென்ற வாரம்தான் மாறியது, புது ஆட்கள் தங்கள் பழக்கத்தில் வளைத்திருப்பார்கள் என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். அதிகாரி கேட்ட கேள்விதான் எனக்கு மறக்கவில்லை. “நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள்?” வேலியில் ஒரு தகரம் கழன்றிருக்கிறது என்று சாகேப் அமைதியாகச் சொன்னார். அந்தத் தகரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் ஏறியது. நான் இட்டுக்கட்டவில்லை, ரிங்குக்கு முன்னால் தகரம் ஏறியது.

துணைத் தலைவர் இரண்டு ரிங்குகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆலையில் வளர்ந்து மேலே வந்தவர் என்பதால் இரும்பைப் பார்க்கத் தெரிந்திருந்தது. “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். வாரத்தில் இரண்டு அரைநாள் வாயில் திறக்க வேண்டும், ஒரு கம்பி கட்டும் ஆள் என் பையன்களோடு நிற்க வேண்டும், ஏதாவது ஒரு சிறு பகுதியை அவர்களே கட்ட வேண்டும் என்றார் சாகேப். உடனே மறுப்புகள் வந்தன. ஒரு பையனுக்குக் காயம் பட்டால் யார் பொறுப்பு என்றார் ஒப்பந்ததாரர். காப்பீட்டில் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது என்றார் பொறியாளர். ஒப்பந்தத்தில் இப்படி ஓர் அம்சம் இல்லை, திருத்த வேண்டுமானால் கோப்பு காந்திநகர் போக வேண்டும் என்றார் அதிகாரி. ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயம். எல்லாம் சேர்ந்தபோது, ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியின் மாணவர்கள் தொழில் நடக்கும் இடத்தைப் பார்க்கக் கூடாது என்ற தீர்மானத்தில் போய் நின்றன.

கோடிக்கணக்கில் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதித்த இரண்டு தரப்பும் ஒரு பையனின் விரல் நசுங்கக்கூடிய சாத்தியத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. அன்று என்னை உறுத்தியது அதுதான். இன்றுவரை உறுத்துவதும் அதுவே. பணத்தை அரசால் தனியாகவே திரட்ட முடியும். அந்த மறுகட்டுமானத்துக்கு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்திருந்தன. தனியாரிடம் மட்டும் இருப்பது நடப்பில் உள்ள வேலைத்தளம்: கெடு, கூலி, பிழை, விபத்து, மேற்பார்வை எல்லாம் கலந்து உயிரோடு இயங்கும் இடம். ஒரு பயிற்சிப் பள்ளிக்கு நிறுவனம் தரக்கூடிய ஆகப்பெரிய கொடை அதற்குள் நுழைவுரிமை. அதைத் தருவதற்குக் காசோலை போதாது, பொறுப்பேற்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் காசோலையோடு நிறுத்திக்கொள்கின்றன.

முடிவு பாதிக்குப் பாதியாக வந்தது. கட்டாத ரிங்குகள் எல்லாம் திரும்ப வளைக்கப்பட்டன. ஏற்கெனவே ஊற்றிய தூண்களில் சிலவற்றின் உறையைக் கொத்திப் பார்த்தார்கள்; அவை சரியாக இருந்தன, அந்தக் குழு வேறு. மாணவர்களுக்குத் தலைக்கவசத்தோடு ‘பார்வையிட’ அனுமதி கிடைத்தது. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை மட்டும் பிரதான ஒப்பந்தத்திலிருந்து பிரித்து மாணவர்களிடம் விட்டார்கள். அதன் மாணவர் காப்பீட்டுக்கான செலவைத் துணைத் தலைவர் தன் துறையின் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டார். அந்தக் கொட்டகை வேலையை, இயந்திரங்களைச் சமன்படுத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து பார்த்தேன். பட்டறைக்கு உள்ளே என்ன சொன்னாலும் தலையாட்டும் பையன்கள், அங்கே எதிர்க்கேள்வி கேட்டார்கள். இந்த ரிங்கை ஏன் முதலில் திறந்துவிட்டு மாட்டிய பிறகு மூடக் கூடாது? கொக்கி எப்போதும் ஒரே மூலையில் வராமல் ஏன் மாற்றிப் போட வேண்டும்? கம்பி கட்டும் ஆள், ராஜஸ்தானின் பார்மரிலிருந்து வந்தவரோ பீகாரிலிருந்து வந்தவரோ, நினைவில்லை, தன் வாழ்நாளில் முதன்முறையாக யாரோ தன்னிடம் ‘ஏன்’ என்று கேட்பதில் திகைத்துப் போயிருந்தார். சில கேள்விகளுக்கு அவரிடம் விடை இருந்தது. சிலவற்றுக்கு சாகேப்பிடம் இருந்தது. இருவருக்கும் தெரியாத கேள்வியைப் பொறியாளரிடம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் அதற்குப் பிறகு தினமும் அந்தப் பக்கம் வர ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு பார்த்தவை

பிறகு வேறு ஊர்களுக்கு இயந்திரங்களோடு போனேன். 2007இல் 1,396 அரசு ஐடிஐக்களைப் பொதுத்துறை–தனியார் கூட்டில் மேம்படுத்தும் திட்டம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். பத்து ஆண்டு அவகாசம், அதன்பின் இருபது ஆண்டுகளில் திருப்பிச் செலுத்த வேண்டும். நிர்வாகக் குழுவுக்குத் தொழில்துறையிலிருந்து ஒருவர் தலைவர், ஐடிஐயின் முதல்வர் அதன் செயலர். இருபது விழுக்காடு இடங்களுக்கு மாணவரைச் சேர்க்கும் அதிகாரம்கூட அந்தக் குழுவுக்கு உண்டு. காகிதத்தில் கட்ச் ஒப்பந்தத்தைவிட மிக முன்னேறியது. ஆனால் நான் போன சில இடங்களில் பணம் வங்கியில் வைப்புநிதியாக அசையாமல் கிடந்தது. கடன் என்பதால் முதல்வருக்குச் செலவழிக்கப் பயம். தணிக்கையில் தன் பெயர் வரும். தலைவருக்கோ அது தன் பணம் இல்லை என்பதால் அக்கறை குறைவு. ஒரு குழுத் தலைவர் மாதத்துக்கு ஒருமுறை நகரத்திலிருந்து காரில் வந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். தன் ஆலைக்குள் அந்த ஐடிஐ மாணவர்கள் கால் வைத்ததே இல்லை என்பதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் ஆடி ஏறக்குறைய 9,000 பேர் இறந்தபோது வேறொரு வழி பிறந்தது. ஐந்து லட்சத்துக்கு நெருக்கமான வீடுகள் தரைமட்டம். கட்டத் தெரிந்த இளைஞர்களில் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும். ஏற்கெனவே கொத்தனாராக இருந்தவர்களுக்கு 7 நாள் பயிற்சியும், புதியவர்களுக்கு 50 நாள் வேலையோடு கூடிய பயிற்சியும் தந்தார்கள். இரண்டாவதுதான் முக்கியமானது. புதியவர்கள் ஓர் உண்மையான குடும்பத்தின் உண்மையான வீட்டைக் கட்டியபடியே கற்றார்கள். பெண்களும் அதில் வந்தார்கள். வீட்டின் உரிமையாளர் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தவறு செய்தால் மதிப்பெண் குறைவதோடு போகாது, அடுத்த கட்ட அரசு மானியம் அந்தக் குடும்பத்துக்கு நின்றுவிடும். சாகேப் வாயிலில் நின்று கேட்டதை ஒரு நாடு வேறு வழியில்லாமல் செய்தது. எல்லாம் சிறப்பாக நடந்தது என்று சொல்லமாட்டேன். 50 நாளில் ஒருவர் முழுக் கொத்தனார் ஆகிவிட முடியாது. ஆனால் எழும்பும் கட்டடமே வகுப்பறை என்பதை அங்கே யாரும் சலுகையாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு எதிரான வாதங்கள் எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பையனைச் சாரத்தில் ஏற்ற முடியாது, ஏற்றக் கூடாது. பயிற்சி என்ற பெயரில் கூலியில்லா ஆள் பிடிக்கும் வேலையும் நம் நாட்டில் உண்டு. அப்ரண்டிஸ் என்று எழுதிவிட்டு மூட்டை தூக்கவைத்த ஆலைகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கதவைத் திறங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த வேலையை அவர்கள் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, உதவித்தொகை எவ்வளவு, அவர்களால் எந்தக் கூலியாளின் இடமும் பறிபோகக் கூடாது, காயம் பட்டால் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். எழுதுவது கடினம் என்பதே பலர் சொல்லும் சாக்கு. ஆனால் கல்வெட்டில் சின்னத்தின் அளவைப் பற்றி ஒரு முழு முற்பகல் பேசி எழுத முடிந்தவர்களுக்கு இது மட்டும் கடினம் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கட்டுமானம் தாமதமாகும் என்பது இன்னொரு வாதம். ஆம், கொஞ்சம் தாமதமாகும். நிலநடுக்கத்துக்குப் பிறகு வேகத்துக்கு ஒரு மரியாதை உண்டு; கூடாரத்தில் படுத்திருப்பவரிடம் பொறுமை பற்றிப் பேசுவது அநாகரிகம். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அந்த அவசரம் பொருந்தும். தொழிற்பயிற்சிப் பள்ளிக்கும் பொருந்துமா என்பதில்தான் எனக்கு ஐயம். மூன்று மாதம் முன்னதாகத் திறந்து, பூகம்பத்தைத் தாங்கும் தூணைத் தொட்டுப் பார்க்காத இரண்டு அணிகளை வெளியே அனுப்புவதில் என்ன லாபம்?

கௌகாத்திப் பக்கம் ஓர் ஆலையில் மனிதவளத் துறையில் இருக்கும் என் பழைய சக ஊழியர் அண்மையில் பேசினார். அவருடைய நிறுவனம் புதிய திட்டத்தின்கீழ் ஓர் ஐடிஐயின் பொறுப்பேற்க ஆலோசிக்கிறது. வடகிழக்கு முழுவதும் நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் எண்ணமும் இருக்கிறது. ஒப்பந்த வரைவில் சேர்க்க ஏதாவது சொல்லுங்கள் என்றார். மூன்று அனுப்பினேன். இயந்திரம் தருகிறவரே மின் பளுவுக்கும் முதல் ஐந்து ஆண்டு வெல்டிங் ராடு, கட்டிங் டூல், பழுதுச் செலவுக்கும் பொறுப்பு. கட்டமைப்பு வரைபடத்தின் ஒரு படி முதல் நாளிலிருந்தே பள்ளியில் இருக்க வேண்டும். கட்டடத்தில் ஒரு தளப் பகுதியாவது, தரைமட்ட வேலையாவது, பயிற்சி மாணவர்களைக் கொண்டு, உதவித்தொகையும் காப்பீடும் சேர்த்து நடக்க வேண்டும்; அந்தக் காப்பீட்டுத் தொகை நிறுவனத்தின் பங்கில் அடங்கும். முதல் இரண்டையும் சட்டப் பிரிவு ஏற்றுக்கொண்டுவிட்டதாம். மூன்றாவதற்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டண விவரம் கேட்டிருக்கிறார்கள். வந்த முதல் மதிப்பீடு அதிகம் என்று நண்பர் முனகினார். திறப்புவிழாவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார், ஆனால் மறுபடியும் வேறொரு காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டுப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.